விட்டுப்போன முதல் நொடிகள்

‘கேட்காமல் தொட வேண்டாம். கேட்டாலும் கிடைக்காது.’

கணினிக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது அந்த அறிவிப்பு. எழுதியவள் கேதகி கோட்போலே. புனேயில் சதாசிவ பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பேட்டைக்காரர்களுக்கு மனதில் உள்ளதை வாயால் சொல்வதைவிட அட்டையில் எழுதி மாட்டுவது சுலபம். வாயால் சொல்லிவிட்டாலோ, கேட்டவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

அந்த அறிவிப்புக்கு நேர் கீழே ஒருவன் உட்கார்ந்திருந்தான்... அவள் நாற்காலியில்... தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட!

மழைக்கு இதமாக ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் இப்படி ஒரு அநியாயமா?

"ஹலோ! யார் நீங்க?"

அவன் திரும்பினான். பழுப்புக் கண்கள். அவன் ஊர் வெல்லத்தின் நிறம் என்று பின்னால் தெரிந்துகொண்டாள். அந்த நிமிடம் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், திட்டுவதற்காகத் திறந்த வாய் ஒரு நொடி அப்படியே நின்றுபோனது மட்டும்தான்.

"சங்க்ராம் மகதூம். சாக்கன் டெஸ்ட் டிராக்லேர்ந்து வர்றேன். உங்க மேனேஜர் நாட்கர்ணி மேடம்தான் இந்த மெஷின்ல உட்காரச் சொன்னாங்க."

"இதுல ஒரு சிமுலேஷன் ஓடிக்கிட்டிருந்ததே...?"

"ஓடி முடிஞ்சிருந்தது. மூடிட்டேன்."

"மூடிட்டீங்களா! சேவ் பண்ணணுமான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. வேணாம்னுட்டேன். அடுத்தவங்க ஃபைல்ல நாம கை வைக்கலாமா? தப்பில்லையா?"

எவ்வளவு நல்ல பிள்ளை! கேதகிக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையிலிருந்து அவள் ஓட்டியது ஒரு மின்சாரப் பேருந்தை. நிஜப் பேருந்து அல்ல, கணினிக்குள் ஓடும் கணக்குப் பேருந்து. அதன் வேகம், பிரேக்கின் அழுத்தம், சக்கரத்தின் சுழற்சி என்று ஒவ்வொரு சிக்னலும் ஓட ஓடக் கணினியின் தற்காலிக இடத்தில் வந்து விழும். அது சமையல் மேடை மாதிரி. சமைத்ததை டப்பாவில் எடுத்து மூடி வைத்தால்தான் நாளைக்கு இருக்கும். அந்த டப்பாதான் ஃபைல். கேதகி மேடையில் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். இந்த மகானுபாவன் வந்து மேடையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறான்.

"போர்டு படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"படிச்சேனே. கேட்டாலும் கிடைக்காதுன்னு போட்டிருந்தது. அப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்னு உட்கார்ந்துட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். "என் அரை நாள் உழைப்பு போச்சு!"

"ஃபைல்ல எடுத்து வைக்காம டீ குடிக்கப் போனது யாருங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் சதாசிவ பேட்டையில் நியாயத்துக்குத் தோற்றவர்கள் யாரும் கிடையாது.

"எழுந்திருங்க முதல்ல!"

எழுந்தான். ஆனால் போகவில்லை. அவள் மறுபடி ஓட்டத் தொடங்கியதும் குடைகூட இல்லாமல் மழையில் இறங்கி ஓடி, இரண்டு வடா பாவை மடித்த காகிதத்தோடு சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தான். "அபராதம்" என்று மேசையில் வைத்தான். வறுத்த பச்சை மிளகாயை மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டான். திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கறுத்த திரையின் ஓரத்தில் அவன் முகம் நிழலாகத் தெரிந்தது... அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இவளும் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சடக்கென்று மிளகாயைக் கடித்துக் கண் கலங்கினான்.

அன்று சாயங்காலம் வீட்டில், "ஏன்டி தானா சிரிக்கிறே?" என்று அம்மா கேட்டாள். "ஒரு முட்டாளை நினைச்சேன்" என்றாள் கேதகி.

*

அந்த முட்டாளோடுதான் அந்த மழைக்காலம் முழுவதும் வேலை செய்ய வேண்டியிருந்தது. அவள் கணினியில் ஓட்டும் பேருந்தை அவன் சாக்கனில் நிஜமாகவே ஓட்டிப் பதிவு செய்வான். பிறகு இரண்டையும் ஒரே திரையில் போட்டுப் பார்ப்பார்கள். அவன் கோடு சிவப்பு, அவள் கோடு நீலம். இரண்டும் பிரியாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகும் நாட்களில் கேதகிக்குக் காரணமில்லாமல் கன்னம் சூடாகும்.

ஒரு நாள், "பஸ்ல ஆளுங்களுக்குப் பதிலா மணல் மூட்டைதானே வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. ஒவ்வொரு மூட்டைக்கும் பேர் வெச்சிருக்கோம். முன் சீட்டு மூட்டை பேரு கேதகி."

"என்னது! ஏன்?"

"எவ்வளவு பிரேக் போட்டாலும் அசையவே மாட்டேங்குது."

பேனாவை எடுத்து அவன் மேல் எறிந்தாள். பிடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். அவள் திருப்பிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கவும் இல்லை.

டீக்கடையில் நின்றபடி தன் கதையைச் சொன்னான். அப்பா கோலாப்பூர்ப் பக்கம் கரும்பு வண்டி ஓட்டினவர். ஆலைக்கும் வயலுக்கும் மாடுகளோடு நடந்து நடந்து இவனை இன்ஜினியர் ஆக்கியவர். "மாட்டு வண்டிக்கு ஏது பிரேக்? அப்பாவோட குரல்தான் பிரேக்!" என்று சொல்லிச் சிரித்தான். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பெருமை. கேதகி டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரிடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதற்கடுத்த வாரம் நடந்தது ஒரு அற்பக் காரியம். நாட்கர்ணி மேடம் காலை முதல் மாலை வரைக்குமான நீண்ட ஓட்டம் ஒன்றைக் கேட்டார். அவ்வளவு நீள ஓட்டத்தைத் தாங்காமல் கணினி திணறி நின்றது. கேதகி அலுத்துப்போய், திரையில் சிக்னல் காட்டும் ஜன்னலில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டாள். கடைசியாக வந்த புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள், பழையதை விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். கணினி மூச்சு விட்டது. இவளும் மூச்சு விட்டாள். டிக்கை எடுக்க மறந்தாள்.

ஃபைலில் எடுத்து வைக்க மட்டும் மறக்கவில்லை. அந்தப் பாடத்தைத்தான் சங்க்ராம் கற்றுக்கொடுத்திருந்தானே! முன்பக்கம் அறுந்துபோன சிக்னலைப் பத்திரமாக, அழகாக, பெயர் போட்டு எடுத்து வைத்தாள்.

*

சோதனை முடிவைக் கேட்கப் பேருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். நாட்கர்ணி மேடம் நடுவில். மறுநாள்தான் கேதகியின் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு. புதுப் புடவையில் வந்திருந்தாள்... வேலைக்காக மட்டுமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

சங்க்ராம் எழுந்தான். "காலையில வண்டி எடுத்ததும் முதல் தடவை பிரேக்கை மிதிக்கிறப்போ ஒரு குலுக்கல் வருது. பிரேக் சூடான அப்புறம் இல்லை. நின்னுட்டு வர்ற வயசானவங்க விழுந்துடுவாங்க."

"கேதகி, உங்க ரிசல்ட் என்ன சொல்லுது?" என்றார் மேடம்.

கேதகி தன் கோட்டைத் திரையில் போட்டாள். வழவழவென்று போனது. ஒரு குலுக்கலும் இல்லை.

"அப்போ யாரோடது சரி?"

சங்க்ராம் திரையையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான். "கேதகி, உங்க கோடு எந்த நேரத்துல ஆரம்பிக்குதுன்னு ஒரு தடவை பாருங்களேன்."

அவ்வளவுதான் சொன்னான். ஒரு தடவை பார்த்திருக்கலாம். திரையின் அடியில் நேரம் எழுதியிருந்தது, பூஜ்யத்தில் தொடங்கவில்லை. சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் அவள் காதில் விழுந்தது வேறு. வந்தவர்கள் முன்னால், மேடம் முன்னால், வேலை உறுதியாகும் நேரத்தில்... என்னையா சோதிக்கிறான்? இவனா?

"என் கோடு சரியாத்தான் இருக்கு," என்றாள் கேதகி. "மாட்டு வண்டி ஓட்டின பரம்பரை சென்சார் மாட்டினா, எல்லாப் பள்ளமும் குலுக்கலாத்தான் தெரியும். கோலாப்பூர்க்காரங்களுக்கு மட்டன் குழம்பு நல்லா வைக்கத் தெரியும். அளவெடுக்கத் தெரியாது!"

சிரிப்பு எழுந்தது. கம்பெனிக்காரர்களில் ஒருவர் மேசையைத் தட்டியே சிரித்தார்.

சங்க்ராம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அந்தப் பழுப்புக் கண்கள் அவளை ஒரு தடவை பார்த்தன... ‘நீயா?’ என்று கேட்டன. பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்தான்.

சொன்ன வார்த்தை நாக்கை விட்டுப் போன அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன? கொட்டின பாலை அள்ள முடியுமா?

சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் அவள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அவன் நின்றான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். இறங்கிப் போ, போய் ஒரு வார்த்தை சொல்லு, என்றது மனசு. அவன்தானே ஆரம்பித்தான், என்றது வீம்பு. அவன் போகும்வரை அவள் இறங்கவில்லை.

மறுநாள் அவள் வேலை நிரந்தரமானது. அவன் பதிவுகளை ஒதுக்கி வைத்தார்கள். அவனை லாரி சோதனைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவன் உட்கார்ந்த நாற்காலியை யாராவது இழுத்துப் போட்டுக்கொண்டால் ஏனோ எரிந்து விழுந்தாள்.

*

கணபதி விழா முடிந்து ஊர் ஓய்ந்திருந்த ஒரு பகலில், வேறொரு வேலைக்காக அதே ஓட்டத்தைத் திரும்ப ஓட்டினாள். இந்த முறை சிக்னலை ஜன்னலில் பிடிக்காமல், தொடக்கத்திலிருந்தே நேராக ஃபைலுக்குள் இறங்கும்படி வைத்தாள். முடிந்ததும் திறந்து பார்த்தாள்.

ஆரம்பத்திலேயே, முதல் மிதியிலேயே, கோடு வெட்டிக் குதித்திருந்தது. அவன் சொன்ன அதே குலுக்கல்.

பழைய அமைப்பைத் திறந்தாள். சின்னக் கட்டம். அதில் அவள் கையால் போட்ட டிக்.

அவனுடைய சென்சாரில் பழுதில்லை. அவன் கையிலும் இல்லை. முதல் நொடிகளைத் தொலைத்தவள் இவள். தொலைத்துவிட்டு அவன் அப்பாவின் மாட்டு வண்டியை இழுத்து ஊர் சிரிக்க வைத்தவளும் இவள்.

நாட்கர்ணி மேடத்திடம் ஓடினாள். பேருந்து தெருவுக்கு வருவதற்குள் சொல்லியாக வேண்டுமே.

"சாஃப்ட்வேர் செட்டிங்ல ஒரு சின்னப் பிரச்சினை மேடம். ஆரம்பம் பதிவாகலை. குலுக்கல் நிஜமாவே இருக்கு."

"நல்லவேளை! யார் போட்ட செட்டிங்?"

"அது... முன்னாடியே இருந்தது மேடம்."

பேருந்தைத் திருத்தினார்கள். அவன் பதிவுகளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்ல வேண்டியவள் வாய் திறந்தால்தானே?

‘எப்படி இருக்கீங்க?’ என்று கைபேசியில் எழுதுவாள், அழிப்பாள். ‘ஒண்ணு சொல்லணும்’ என்று எழுதுவாள், அதையும் அழிப்பாள். தீபாவளி வந்து போனது. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள் என்று பேர் எடுத்தவளுக்கு ‘மன்னிச்சுக்கோ’ என்ற ஒரு சொல் வரவில்லை. அடுத்தவரைக் குத்த மட்டும்தான் பழகியிருந்தது அந்த நாக்கு.

தை பிறந்ததும் வீட்டில் போஹா கிண்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த ஊரில் வெங்காயம் போட்ட அவல்தான். மாப்பிள்ளை வங்கிக்காரர், சாதுவானவர். மாடியில் தனியாகப் பேசச் சொன்னபோது தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க ரொம்பக் கறாரானவங்கன்னு சொன்னாங்க. தப்பே பண்ண மாட்டீங்களாமே?"

கேதகிக்குச் சட்டென்று கண்ணில் நீர் முட்டியது. அவர் பதறிப்போனார்.

"ஐயோ, நான் என்ன தப்பா கேட்டுட்டேன்?"

"நீங்க இல்லை. ஒருத்தரை அவமானப்படுத்திட்டேன். தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சும் சொல்லாமலே இருக்கேன்."

"அவரைப் பிடிக்குமா?"

அவள் தலை குனிந்தாள். அவர் கடைசி வாய் போஹாவையும் நிதானமாக மென்று விழுங்கினார். "அப்போ இங்கே எதுக்கு நின்னுட்டிருக்கீங்க? போய்ச் சொல்லுங்க. கீழே நான் சமாளிச்சுக்கிறேன். போஹா பிரமாதம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக நாட்கர்ணி மேடத்திடம் போனாள். "அந்த செட்டிங் நான் போட்டது மேடம். மகதூம் அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாரு. நான்தான் அவரைப் பேச விடலை." மேடம், "இதை இவ்வளவு நாள் எப்படி உள்ளே வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அங்கிருந்து நேராகச் சாக்கன்.

*

ஓடுபாதையில் புழுதி பறந்தது. ஷெட்டின் முன்னால் மெக்கானிக்குகளும் டிரைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவன். கொஞ்சம் கறுத்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க கேதகி. என்ன இந்தப் பக்கம்?"

"பேசணும்."

"அந்தப் பக்கம் போகலாமா?"

"வேணாம். இங்கேயே. எல்லாரும் இருக்கிறப்பவே." உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "பஸ் பிரேக் விஷயத்துல இவர் அளந்தது சரி. தப்பு என்னோடது. ஆரம்பத்தைத் தொலைச்சிட்டு இவரைப் பத்தி நாலு பேர் முன்னாடி கேவலமாப் பேசினேன். இவங்க அப்பாவையும் சேர்த்து. அன்னிக்கு நாலு பேர் கேட்டாங்க. அதான் இன்னிக்கும் நாலு பேர் கேட்கச் சொல்றேன்... என்னை மன்னிச்சிருங்க."

மூத்த டிரைவர் ஜாதவ் தொண்டையைச் செருமினார். "அடேயப்பா! மாட்டு வண்டின்னது இந்தப் பொண்ணுதானா? நான் யாரோ பெரிய ராட்சசின்னுல்ல நினைச்சேன்."

"ஜாதவ் மாமா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றான் சங்க்ராம்.

இருவரும் வேலியோரமாக நடந்தார்கள்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும் இல்ல?" என்றாள் கேதகி. "ஏன் அங்கேயே போட்டு உடைக்கலை?"

"மறுநாள் உங்க வேலை உறுதியாகணுமே. வந்தவங்க முன்னாடி சொன்னா உங்க கதி என்ன? சாயங்காலம் தனியாச் சொல்லிக்கலாம்னு உங்க ஸ்கூட்டர் பக்கத்துல நின்னேன். நீங்க வரலை."

"நீங்க நின்னதைப் பார்த்தேன். மேலேயிருந்து. வேணும்னேதான் இறங்கலை."

அவன் நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்புறமும் ரொம்ப நாள் எதிர்பார்த்தேன்," என்றான். "ஒரு போன் வரும்னு. குலுக்கல் நிஜம்னு தெரிஞ்சு பஸ்ஸைத் திருத்தினாங்கன்னு கேள்விப்பட்டதும், கண்டிப்பா இன்னிக்கு வரும்னு நினைச்சேன். அன்னிக்கும் வரலை. சரி, நமக்குத்தான் அப்படியெல்லாம் தோணியிருக்குன்னு..." நிறுத்தினான். "போன மாசம் சாங்லியில ஒரு வீட்டுல போஹா சாப்பிட்டேன் கேதகி. சரின்னு சொல்லிட்டேன்."

வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. கேதகி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"பேரு?"

"ருதுஜா."

"நல்லவங்களா?"

"நல்ல பொண்ணு. கோபம் வந்தா நேராத் திட்டிடுவா. கொஞ்ச நேரத்துல அவளே வந்து பேசிடுவா."

அவன் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் போனது.

"நல்லாயிருங்க," என்றாள். திரும்பி நடந்தாள். நாலடி போனதும் நின்றாள். போகாதே, சொல்லாதே, இனிமேல் சொல்லி யாருக்கு லாபம் என்று அந்தப் பழைய வீம்பு உள்ளே முனகியது. இத்தனை நாள் அதன் பேச்சைக் கேட்டுக் கண்டது போதும். திரும்பி வந்து அவனுக்கு எதிரே நின்றாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நீங்க பதில் சொல்ல வேணாம். அந்தப் பொண்ணுக்குக் குடுத்த வாக்கை நீங்க மாத்தவும் வேணாம், மாத்தினா எனக்குப் பிடிக்காது. ஆனா சொல்லாமப் போனா மறுபடியும் அதே தப்பைத்தான் பண்றேன்." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களை எனக்குப் பிடிக்கும் சங்க்ராம். ரொம்பப் பிடிக்கும். உங்களைக் கேவலமாப் பேசின அந்த நிமிஷத்துலகூடப் பிடிச்சிருந்தது. உங்களைப் பத்தித் தினமும் யாராவது பேச்சுவாக்குல சொல்ல மாட்டாங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்திருக்கேன்... இதைச் சொல்ல இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டேன். அதுக்கும் சேர்த்து மன்னிச்சிருங்க."

பழுப்புக் கண்கள் நிறைந்துவிட்டன. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது.

"நானும் போன் பண்ணியிருக்கலாம்," என்றான் சங்க்ராம் கடைசியில். "உங்க நம்பர் என்கிட்ட இருந்தது. தப்பு பண்ணினவங்கதான் முதல்ல பேசணும்னு உட்கார்ந்துட்டேன். வீம்பு உங்க ஊருக்கு மட்டும்தான் சொந்தமா என்ன? எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்தது கேதகி... உங்களுக்கும் முன்னாடியே."